சூம்பிய தொடை எழுபது வயதில் திரும்புமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அப்பாவுக்கு 71 வயது. வாசல்படியில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் சில்லில் கீறல். தொடையிலிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி காலை ஊன்றலாம், மடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தொடை சூம்பிக் கிடக்கிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. "இந்த வயசில் போன சதை திரும்பாது, தினமும் நடந்தால் போதும்" என்கிறார்கள் உறவினர்கள். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் உங்களைப் பற்றியும் ஒன்று: ஜிம்முக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது, கட்டிய தசை கொழுப்பாக மாறிவிடுமா?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. அப்பாவின் தொடையைத் தின்றது வயசா, மாவுக்கட்டா? இரண்டும் தின்னும், ஆனால் தின்னும் விதம் வேறு. கட்டு தின்றதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம். வயசு தின்றதில் ஒரு பங்கு போனது போனதுதான். நம் வீடுகளில் இந்த இரண்டையும் சேர்த்து "வயசாச்சு" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். பத்தொன்பது வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் எலும்பு முறிவுக்குப் பிறகு நடை பழக வருபவர்கள். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். அப்பாவின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை மட்டும் படிக்கும்போது மறந்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு தையல்காரர் டேப்பை எடுங்கள். அப்பாவைக் காலை நீட்டிப் படுக்க வைத்து, முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்தில் தொடையின் சுற்றளவை, டேப் சதையை அழுத்தாமல், இரண்டு காலிலும் அளந்து தேதியுடன் குறித்து வையுங்கள். இடது காலுக்கும் அதே 71 வயதுதான். வலது கால் அதைவிட எத்தனை செ.மீ. குறைவோ, அது ஏறக்குறைய மாவுக்கட்டின் கணக்கு. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் இருக்கிறது. டேப் தோலையும் கொழுப்பையும் வீக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது. தவிர, ஆறு வாரம் வீட்டோடு கிடந்ததில் நல்ல காலும் கொஞ்சம் இளைத்திருக்கும். அதனால் உண்மையான இழப்பு டேப் காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சரி, சூம்புவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? தசையைத் தேங்காய் நார்க் கயிறு போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான நார்கள் சேர்ந்தது அது. பயிற்சியில் நார்களின் எண்ணிக்கை கூடுவதில்லை என்றே சொல்லலாம். இருக்கும் ஒவ்வொரு நாரும் தடிக்கிறது. அசைக்காமல் போட்டால் அதே நார் மெலிகிறது. நாருக்குள் இருக்கும் புரதம் ஓயாமல் உடைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். பாரம் தூக்கினால் கட்டும் வேலை முந்தும், கிடந்தால் பிந்தும். நோயில்லாத ஒருவரின் காலைக் கட்டிப்போட்டால் முக்கியமாக நடப்பது கட்டும் வேலை படுத்துவிடுவதுதான். காய்ச்சல், தொற்று, பெரிய ஆபரேஷன் என்று எதுவும் சேர்ந்துகொண்டால் உடைக்கும் வேலையும் வேகம் பிடித்துவிடும். ஐசியூவில் பத்து நாள் கிடந்தவரின் தொடை, மாவுக்கட்டு போட்டவரின் தொடையைவிட மோசமாக இருப்பது அதனால்தான்.

எவ்வளவு வேகமாக இளைக்கும்? ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலைக் கட்டிப்போட்டு அளந்த ஆய்வு ஒன்று 2014-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. ஐந்தே நாளில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சுமார் 3.5 சதவீதமும், பலம் 9 சதவீதமும் குறைந்தன. பதினான்கு நாளில் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல், பலம் 23 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளி. சதை குறைந்த அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பலம் குறைந்திருக்கிறது. காரணம், பலம் என்பது சதையில் மட்டும் இல்லை. மூளையும் முதுகுத்தண்டும் அந்தச் சதையை எவ்வளவு முழுமையாக வேலைக்குக் கூப்பிடுகின்றன என்பதிலும் இருக்கிறது. கட்டுக்குள் கிடந்த காலைக் கூப்பிடவே நரம்பு மண்டலம் மறந்துவிடுகிறது.

உங்கள் அப்பாவிடம் இதை நீங்களே பார்க்கலாம். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கச் சொல்லுங்கள். இடது கால் கம்பு மாதிரி எழும். வலது கால் எழும்போது முழங்கால் லேசாக மடங்கியே எழும், குதிகால் பின்தங்கும். அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து பாகையை நீட்டும் வேலையைத் தொடையின் முன்பக்கத் தசை இன்னும் கையில் எடுக்கவில்லை என்று அர்த்தம். மூட்டில் நீர் கோத்திருந்தால் இது இன்னும் கூடும். வீங்கிய முழங்கால் இருக்கும்வரை தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கும். எத்தனை மன உறுதி இருந்தாலும் அதை மீற முடியாது. அதனால் வீக்கம் இருந்தால் முதல் வேலை வீக்கத்தைக் குறைப்பது.

இப்போது வயசுக்கு வருகிறேன். இங்கே ஆறுதலுக்காக எதையும் மழுப்ப மாட்டேன். 1988-இல் ஸ்வீடனில், உயிரோடு இருந்தபோது நலமாக இருந்த 43 ஆண்களின் தொடைத் தசையை, அவர்கள் இறந்த பிறகு முழுதாகக் குறுக்கே வெட்டி நார்களை எண்ணினார்கள். இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடையே தசையின் பரப்பு சராசரியாக 40 சதவீதம் குறைந்திருந்தது. மாவுக்கட்டில் நடப்பது போல நார்கள் மெலிந்ததால் மட்டும் அந்தக் குறைவு வரவில்லை. நார்களின் எண்ணிக்கையே குறைந்திருந்தது. முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் நரம்பணுக்கள் வயதாக ஆக ஒவ்வொன்றாக இறக்கின்றன. அப்படி அநாதையான நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு எடுத்து வளர்க்கும். எடுக்க ஆளில்லாதவை மறைந்துபோகும். அதிலும் வேகமாகச் சுருங்கும் நார்களுக்குத்தான் அடி அதிகம். தடுக்கியவுடன் சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளிக்க உதவுபவை அவைதான். பெரியவர்கள் "கால் தடுக்கியது தெரிகிறது, ஆனால் சமாளிக்க முடியவில்லை" என்பார்கள். அதன் பின்னணி பெரும்பாலும் இது. இறந்த நரம்பணுவை எந்தப் பயிற்சியும் எழுப்பாது. மிச்சமிருக்கும் நார்களைத் தடிக்க வைக்கலாம், அவற்றை முழுதாக வேலை வாங்கலாம். அந்த மிச்சம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்தது. சராசரி வயது 90, மூத்தவருக்கு 96. அப்படிப்பட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம், ஒப்புக்கு இல்லாமல், உண்மையிலேயே கனமான எடையில் தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஸ்கேனில் தொடைச் சதை கூடியதோ 9 சதவீதம்தான். மேலே சொன்ன நரம்புக் கதை இங்கே தலைகீழாக நடக்கிறது. முதலில் திரும்புவது கட்டளை, பின்னால் வருவது சதை. பத்துப் பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அதனால் அதே குழு 1994-இல் நூறு பேரை வைத்துச் செய்தது. பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது, நடை வேகம் கூடியது, மாடிப்படி ஏறுவது எளிதானது. வயதானவரின் தசை பாரத்துக்குப் பதில் சொல்லும் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. "போன சதை திரும்பாது" என்பது அந்த அளவில் தவறு.

ஆனால் உறவினர்கள் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. டென்மார்க்கில் இளைஞர்களையும் வயதானவர்களையும் ஒரே மாதிரி இரண்டு வாரம் காலைக் கட்டிப்போட்டு, பிறகு நான்கு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இளைஞர்களின் தசை பழைய அளவுக்கு வந்துவிட்டது, வயதானவர்களுடையது வரவில்லை. நான்கு வாரத்துக்குப் பதில் நான்கு மாதம் கொடுத்திருந்தால் வந்திருக்குமா என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. என் அனுபவத்தில், ஆறு வாரக் கட்டுக்குப் பிறகு எழுபது வயதுக்காரர் நான்கைந்து மாதம் விடாமல் செய்தால் நடை, படி, நாற்காலி எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. டேப்பில் ஒரு செ.மீ. வித்தியாசம் பலருக்குக் கடைசிவரை நின்றுவிடுகிறது. அந்த ஒரு செ.மீ.யால் யாரும் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

படுக்கை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இன்னொன்று. அமெரிக்காவின் டல்லாஸில் 1966-இல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்து, உச்ச உழைப்பில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. இது தொடைத் தசையின் அளவுகோல் இல்லை, இதயத்தையும் சேர்த்த அளவுகோல். ஐந்தே பேர் வேறு. இருந்தாலும் "ரெஸ்ட் எடுங்கப்பா" என்று வாய் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஐவர் ஞாபகம்தான் வருகிறது.

நடந்தால் போதுமா? போதாது. நடை நல்லது, இதயத்துக்கு, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு, மனசுக்கு எல்லாம் நல்லது. ஆனால் தசை தடிக்க வேண்டுமென்றால் அது பழகியதைவிடக் கூடுதல் பாரம் அதன் மேல் விழ வேண்டும். சமதரையில் நடக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. அதோடு இன்னொரு சூட்சுமம்: நடக்கச் சொன்னால் அப்பா இடது காலில் பாரத்தைப் போட்டு வலது காலை இழுத்துக்கொண்டு நடப்பார், நமக்குத் தெரியாது. பீச் ரோட்டில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தும் தரையிலிருந்து எழ முடியாத பெரியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் வயதானவர் யார் வந்தாலும் கணுக்காலில் ஒரு கிலோ மண்மூட்டையைக் கட்டி, பத்துத் தடவை தூக்குங்கள் என்பேன். மூன்று மாதம் கழித்து வந்தாலும் அதே ஒரு கிலோ, அதே பத்து. ஓய்வுபெற்ற தறிக்காரம்மா ஒருவர், 74 வயது, ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இது தூக்குற மாதிரியே இல்லையே, உனக்கு மூட்டை தட்டுப்பாடா?" அன்றுதான் எடையை ஏற்றினேன். மூன்று கிலோவில் அவருக்கு எட்டாவது தடவை முகம் சுருங்கியது, பத்தாவது நடுங்கியது. ஆறேழு வாரத்தில் கையை ஊன்றாமல் பாயிலிருந்து எழுந்தார். பயிற்சி வேலை செய்கிறதா என்பதற்கு அந்த முகச் சுருக்கத்தைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் பாரம் போதவில்லை.

அப்பாவுக்கு நான் தொடங்கும் வரிசை இப்படித்தான் இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம், முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்வேன். ஐந்து விநாடி அழுத்தி விடுவது, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நாலு வேளை. இது கட்டளையை எழுப்பும் வேலை, அதனால் தினமும் செய்யலாம். கால் மடங்காமல் நேராக எழத் தொடங்கியதும் நாற்காலிக்கு மாற வேண்டும். கொஞ்சம் உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, எழுந்து உட்கார்வது. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குவது. அப்புறம் ஒரு படி ஏறி இறங்குவது, வலது கால் முதலில். முழங்கால் ஒத்துழைத்தால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பாதித் தோப்புக்கரணம். இந்தப் பார வேலைகள் வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒருநாள் இடைவெளி. எளிதாகிவிட்டால் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது விட வேண்டும், ரத்த அழுத்தம் இருப்பவர் என்றால் கட்டாயமாக. எலும்பு இப்போதுதான் சேர்ந்திருப்பதால் பெரிய எடை வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் கவலைப்படாதீர்கள். லேசான எடையையும் களைக்கும்வரை தூக்கினால் சதை கிட்டத்தட்ட அதே அளவு வளர்கிறது என்று இளைஞர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. பலம் கூடுவதில் கனமான எடை ஒருபடி முந்தும், அவ்வளவுதான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும். அது லாக்டிக் அமிலம் தேங்கியதால் இல்லை. அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். பழக்கமில்லாத வேலையில், குறிப்பாக இறங்கும் பக்கத்து வேலையில், நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் முயற்சியும்தான் அந்த வலி. இரண்டாவது வாரம் அதே வேலை அவ்வளவு வலிக்காது. ஆனால் மூட்டு சூடாகி வீங்கினால் நிறுத்துங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் பயிற்சியை மறந்துவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். நாள்கணக்கில் அசையாமல் இருந்த காலில் ரத்தம் உறைவது உண்டு, அது விளையாட்டான விஷயம் இல்லை.

சாப்பாடு. ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். கொடுங்கள், சூடாக நன்றாக இருக்கும். ஆனால் அதில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் இல்லவே இல்லை. கால் சூப்பு குடித்தால் கால் பலமாகும் என்பது பெயரை வைத்துக் கட்டிய நம்பிக்கை. வயதான தசைக்குப் புரதம் கொஞ்சம் தூக்கலாகவே வேண்டும்; கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது நிபுணர்கள் பலர் ஒத்துக்கொள்ளும் அளவு. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். காலையில் மூன்று இட்லி, சாம்பாரில் பத்துக் கிராமைத் தொடுவதே கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் 18 கிராம் அளவில் வரும். சுண்டல், வேர்க்கடலை, மீன், தயிர் என்று எது பிடிக்குமோ அதை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். அப்புறம், நான் சொன்ன 1994 ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் கொடுத்தார்கள். அவர்கள் பலத்தில் சொல்லும்படி ஒன்றும் ஏறவில்லை. புரத மாவு டப்பாவை வாங்கும் முன் நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள்.

உங்கள் கேள்வியை விட்டுவிட்டேன். தசை கொழுப்பாக மாறாது; இரண்டும் வேறு வேறு உயிரணுக்கள், ஒன்று இன்னொன்றாக ஆவதற்கு வழியில்லை. ஜிம்மை விட்டவுடன் நார் மெலிகிறது, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இறங்குகிறது, மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. அதே இடத்தில் நடப்பதால் மாறியது போலத் தெரிகிறது. திரும்பப் போனால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் வரும், இதை ஜிம்மில் பழகிய யாரும் சொல்வார்கள். ஏன் என்பதில்தான் சண்டை. தடித்த நார் தனக்குச் சேர்த்துக்கொண்ட கூடுதல் உட்கருக்களை (உயிரணுவை நடத்தும் மையங்களை), இளைத்த பிறகும் விடாமல் வைத்துக்கொள்கிறது என்று 2010-இல் நார்வேயில் எலிகளிடம் காட்டினார்கள். மனிதரிடமும் அப்படித்தானா என்பது இன்னும் தீரவில்லை. எட்டு மாதம் பெரிய இடைவெளி இல்லை. பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

அப்பாவுக்கு இரண்டு கணக்கை நோட்டில் எழுதி வாருங்கள். ஒன்று, டேப் அளவு, மாதத்துக்கு ஒருமுறை. இன்னொன்று, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி என்பது, வாரத்துக்கு ஒருமுறை. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வேலை செய்யும் திறன் குறைவு என்று எடுத்துக்கொள்வது ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த கணக்கு. முதலில் அவரால் ஐந்து தடவை முடியாமலே போகலாம், அதையும் எழுதுங்கள். முதல் ஆறு வாரத்தில் டேப் அசையாமல் விநாடி மட்டும் குறைந்தால் எல்லாம் சரியாகப் போகிறது, சதை பின்னால் வரும். இரண்டுமே அசையவில்லை என்றால் பாரம் போதுமா என்று முதலில் பாருங்கள். பாரமும் போதும் என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. தைராய்டு, வைட்டமின் டி, இடுப்பில் அழுந்தும் நரம்பு, சிலருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை என்று பட்டியல் நீளம். அப்போது மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.